கூடுதல் ஷிஃப்ட் எடுத்தால் கையில் என்ன மிஞ்சும்? யுனிவர்சல் கிரெடிட்டும் ஓவர் டைமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோல் ஸ்டேஷன், சூப்பர் மார்க்கெட், கேர் ஹோம், பள்ளிக்கூடச் சமையலறை என்று பிரித்தானியாவில் மணித்தியாலக் கணக்கில் வேலை செய்யும் தமிழர்கள் பலர், சம்பளத்தோடு, குறைந்த வருமானக்காரருக்கு அரசு மாதந்தோறும் தரும் உதவியான யுனிவர்சல் கிரெடிட்டும் பெறுகிறார்கள். இது வேலையில்லாதவர்களுக்கு மட்டுமான உதவி அல்ல. பெறுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வேலையில் இருப்பவர். மனேஜர் வந்து "இந்தக் கிழமை இன்னும் இரண்டு ஷிஃப்ட் எடுக்கிறீர்களா?" என்று கேட்கும்போது இவர்கள் தயங்குவதைச் சோம்பல் என்று சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் பலர் மனதில் வைத்திருப்பது பழைய சட்டத்தின் கணக்கு. இன்றைய கணக்கு வேறு. அதை விளங்கப்படுத்தவே இந்தப் பக்கம்.

எண்கள் எல்லாம் 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டுக்கு உரியவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் தொகைகள் மாறும். கணக்குப் போடும் முறை அப்படியே இருக்கும்.

ஓவர் டைம் செய்தால் யுனிவர்சல் கிரெடிட் நின்றுவிடுமா?

நின்றுவிடாது, குறையும். வரியும் நஷனல் இன்சூரன்ஸ் என்ற கட்டாயக் காப்புறுதிப் பிடிப்பும் ஓய்வூதியப் பிடிப்பும் போக உங்கள் கைக்கு வரும் சம்பளத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் யுனிவர்சல் கிரெடிட்டிலிருந்து 55 பென்ஸ் வெட்டுகிறார்கள். மீதி 45 பென்ஸ் உங்களுடையது. 2013இல் இந்தத் திட்டம் தொடங்கியபோது வெட்டு 65 பென்ஸ். 2017இல் 63 ஆக இறங்கியது. 2021 நவம்பரில் 55 ஆனது.

பிள்ளைகள் இருந்தால், அல்லது நோயோ மாற்றுத்திறனோ காரணமாக வேலை செய்யும் திறன் குறைந்தவர் என்று மதிப்பிடப்பட்டிருந்தால், வெட்டு முதல் பவுண்டிலிருந்து தொடங்காது. மாதம் ஒரு தொகை வரை முழுச் சம்பளமும் உங்களுக்கே. இதற்கு வொர்க் அலவன்ஸ் என்று பெயர். யுனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பணமும் சேர்ந்திருந்தால் 411 பவுண்டு, சேராவிட்டால் 684 பவுண்டு. பிள்ளை இல்லாத, உடல்நலமுள்ள ஒருவருக்கு இந்தச் சலுகை கிடையாது. முதல் பவுண்டிலேயே 55 பென்ஸ் போய்விடும். இளம் தம்பதிகள் பலர் இதை அறியாமல், பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கைத் தங்கள் கணக்கென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் ஒரு மணித்தியாலத்துக்கு உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் தனியாக இருக்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். குறைந்தபட்சச் சம்பளமான மணித்தியாலத்துக்கு 12.21 பவுண்டு அவருக்குக் கிடைக்கிறது. ஓய்வூதியப் பிடிப்பை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

கிழமைக்கு ஏறத்தாழ 8 மணித்தியாலம் வரை உழைப்பது வொர்க் அலவன்ஸுக்குள் அடங்கும். அந்த நேரத்துக்கு 12.21 பவுண்டும் முழுதாக அவருக்கே. அதற்கு மேல் 20 மணித்தியாலத்தை நெருங்கும் வரை, வரி தொடங்கவில்லை என்றாலும் 55% வெட்டு தொடங்கிவிடுகிறது. மணித்தியாலத்துக்கு மிஞ்சுவது 5.49 பவுண்டு. மாதச் சம்பளம் 1,048 பவுண்டைத் தாண்டியதும் 20% வருமான வரியும் 8% நஷனல் இன்சூரன்ஸும் சேர்கின்றன. ஒரு பவுண்டில் 28 பென்ஸ் முதலில் போகிறது. மிஞ்சிய 72 பென்ஸில் 55% யுனிவர்சல் கிரெடிட்டிலிருந்து வெட்டப்படுகிறது. கையில் நிற்பது 32.4 பென்ஸ். அதாவது அந்த மணித்தியாலத்தின் உண்மைப் பெறுமதி 3.96 பவுண்டு.

மாதக் கணக்கில் பார்த்தால், கிழமைக்கு 16 மணித்தியாலம் செய்யும்போது அவருக்குச் சம்பளம் 846.56 பவுண்டு, யுனிவர்சல் கிரெடிட் 239.56 குறைகிறது. வேலைக்குப் போவதால் அவர் பெறும் நிகர நன்மை 607 பவுண்டு. 24 மணித்தியாலத்துக்கு ஏறினால் வரி போக ஏறத்தாழ 1,207.60 கைக்கு வரும், 438 வெட்டப்படும், நிகர நன்மை 769.50. கூடுதல் 8 மணித்தியாலத்தால் மாதம் 162 பவுண்டுக்குச் சற்று மேல் கிடைக்கிறது. ஆனால் பே ஸ்லிப்பில் அவர் பார்ப்பதோ 423 பவுண்டு கூடுதல் உழைப்பு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் "உழைச்சு என்ன பிரயோசனம்" என்ற சலிப்பின் ஊற்று. நட்டம் இல்லை என்பது உண்மை. நன்மை சிறியது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவர் உங்களுக்குப் பாதிக் கணக்கைத்தான் சொல்கிறார்.

கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளூராட்சி வரியில் தள்ளுபடி பெறுபவர்களுக்கு இன்னொரு வெட்டும் உண்டு. ஒவ்வொரு கவுன்சிலுக்கும் ஒவ்வொரு விதி. வருமானம் கூடக் கூட 20% குறைக்கும் கவுன்சிலில் இருந்தால் மேலே சொன்ன 32 பென்ஸ் 26 பென்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். உங்கள் கவுன்சிலின் விதியைத் தனியாகப் பார்த்தே ஆகவேண்டும்.

"பதினாறுக்கு மேல போனா எல்லாத்தையும் வெட்டிப் போடுவாங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்களே?

அது ஒரு காலத்தில் பொருளுள்ள பேச்சு. 1971இலிருந்து பிரித்தானியாவில் உழைக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு ஏதோ ஒரு பெயரில் உதவி இருந்துவருகிறது. 1988இல் வந்த ஃபமிலி கிரெடிட்டுக்கு முதலில் கிழமைக்கு 24 மணித்தியால வேலை வேண்டியிருந்தது. 1992 ஏப்ரலில் அதை 16 ஆக இறக்கினார்கள். உடனே தனித்தாய்மாரின் வேலை நேரமும் நகர்ந்தது. 24ஐ ஒட்டி வேலை செய்தவர்களின் கூட்டம் 16 பக்கம் போய்ச் சேர்ந்ததைப் பொருளியல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1999இல் வொர்க்கிங் ஃபமிலீஸ் டாக்ஸ் கிரெடிட், 2003இல் வொர்க்கிங் டாக்ஸ் கிரெடிட் என்று பெயர்கள் மாறின. 16 என்ற எண் நின்றது.

16ஐத் தொட்டால்தான் உதவி; தொட்ட பின் மேலே போகப் போக உதவி கரையும். இப்படி இருந்தால் யார்தான் 16இல் நிற்கமாட்டார்கள்? முதலாளிமாரும் 16 மணித்தியால வேலைகளையே உருவாக்கினார்கள். சட்டம் காட்டிய இடத்தில் மக்கள் நின்றார்கள். 30 மணித்தியாலத்தில் இன்னொரு சிறு ஊக்கத்தொகை இருந்ததால் அங்கும் ஒரு கூட்டம் சேர்ந்தது. 2012 ஏப்ரலில் பிள்ளைகளுள்ள தம்பதிகளுக்கு இருவரும் சேர்ந்து 24 மணித்தியாலம், அதில் ஒருவர் குறைந்தது 16 என்று விதி மாறியது. 16 மட்டும் செய்துவந்த குடும்பங்கள் ஒரே நாளில் வொர்க்கிங் டாக்ஸ் கிரெடிட்டை இழந்தன. அந்தக் கசப்பு இன்னும் நினைவில் இருக்கிறது.

டாக்ஸ் கிரெடிட் 2025 ஏப்ரல் 5ஆம் திகதியோடு முற்றாக முடிந்துவிட்டது. யுனிவர்சல் கிரெடிட்டின் தொகை மணித்தியாலத்தைப் பார்ப்பதில்லை, சம்பளத்தைத்தான் பார்க்கிறது. முந்தையது படிக்கட்டு என்றால் இது சாய்தளம். ஆகவே 16இல் நின்றுகொள்ள யுனிவர்சல் கிரெடிட்டில் காரணம் இல்லை. ஆனால் யுனிவர்சல் கிரெடிட்டுக்கு வெளியே சில இடங்களில் 16 என்ற எண் இன்னும் ஒளிந்திருக்கிறது. அவை கீழே வரும்.

கணவர் முழுநேரம். நான் கொஞ்ச நேரம். எனக்கு மட்டும் ஏன் பிரயோசனம் குறைவாக இருக்கிறது?

வொர்க் அலவன்ஸ் வீட்டுக்கு ஒன்று. கணவரின் சம்பளமே அதைத் தின்றுவிட்டால், உங்கள் முதல் பவுண்டிலேயே 55 பென்ஸ் போய்விடும். உங்கள் தனிப்பட்ட வரிவிலக்கு, அதாவது ஆண்டுக்கு 12,570 பவுண்டு, பயன்படாமல் இருப்பதால் வரியாவது இல்லை. ஆக 12.21இல் 5.49 மிஞ்சும்.

இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய குறையாக நான் நினைப்பது இதைத்தான். வீட்டின் முதல் உழைப்பாளியை வேலைக்கு அனுப்ப வகுத்த திட்டம், இரண்டாவது உழைப்பாளியை வீட்டிலேயே இரு என்று மெல்லச் சொல்கிறது. எங்கள் குடும்பங்களில் அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் மனைவி. அவருக்கென்று ஒரு வேலை அனுபவம், ஆங்கிலம் பேசப் பழகும் இடம், தன் பெயரில் ஒரு ஓய்வூதியம், இவை எவையும் 5.49 என்ற எண்ணுக்குள் அடங்குவதில்லை. வீட்டில் முடிவெடுக்கும்போது இவற்றையும் மேசையில் வையுங்கள்.

பிள்ளையை நேர்சரியில் விட்டுவிட்டுக் கூடுதல் நேரம் செய்தால் கட்டுப்படியாகுமா?

பதிவு பெற்ற பராமரிப்பாளருக்குக் கட்டும் பணத்தில் 85% வரை யுனிவர்சல் கிரெடிட் திருப்பித் தரும். உச்சவரம்பு ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031.88 பவுண்டு, இரண்டு அல்லது அதற்கு மேல் 1,768.94. இதற்குக் குறைந்தபட்ச மணித்தியாலம் எதுவும் இல்லை. வேலையை முதன்முதல் தொடங்கும்போதோ, கூடுதல் நேரத்துக்கு மாறும்போதோ முற்பணம் கட்டச் சிரமமாக இருந்தால் அதையும் அரச வேலைவாய்ப்பு அலுவலகமான ஜொப் சென்டரிடம் கேட்கலாம். 2023 யூனிலிருந்து இந்த வழி இருக்கிறது. கேட்காதவர்களே அதிகம்.

மணித்தியாலத்துக்கு 8 பவுண்டு வாங்கும் இடத்தில் உங்கள் பங்கு 1.20. உங்கள் கையில் மிஞ்சும் 3.96இலிருந்து அதைக் கழித்தால் 2.76. நான்கு மணித்தியால ஷிஃப்ட்டுக்கு 11 பவுண்டு. லண்டன் பஸ்ஸில் போய்வர 3.50 போனால் 7.50. இந்த இடத்தில் "வேண்டாம்" என்று சொல்லும் தாயை நான் குறைசொல்லமாட்டேன். அதே ஷிஃப்ட்டை ஏற்கனவே வேலைக்குப் போகும் நாளோடு ஒட்டி வாங்கினால் பஸ் காசு மிச்சம். மனேஜரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். அம்மம்மா வீட்டில் பார்த்துக்கொள்கிறார் என்றால் செலவில்லை; ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் உறவினருக்குக் கொடுக்கும் பணத்தை யுனிவர்சல் கிரெடிட் ஏற்காது.

இங்கிலாந்தில் 9 மாதம் முதல் பள்ளிக்குப் போகும் வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, பள்ளித் தவணைக் காலத்தில் கிழமைக்கு 30 மணித்தியால இலவசப் பராமரிப்பு 2025 செப்டெம்பரிலிருந்து கிடைக்கிறது. இதற்கு வேலை செய்யும் பெற்றோர் ஒவ்வொருவரும் சராசரியாகக் குறைந்தபட்சச் சம்பளத்தின் 16 மணித்தியாலத்துக்குச் சமமான தொகையை, அதாவது 21 வயதோ அதற்கு மேலோ என்றால் கிழமைக்கு 195.36 பவுண்டை உழைக்கவேண்டும். 13 அல்லது 14 மணித்தியாலத்தில் நிற்பவர் 16க்கு ஏறினால், சம்பளத்தில் வரும் நன்மையைவிட இந்தச் சலுகையின் நன்மை பல மடங்கு பெரிது. கூடுதல் நேரம் வேண்டாம் என்று சொல்லும் முன்னர் இதைப் பார்த்தே ஆகவேண்டும்.

டிசம்பரில் மட்டும் நிறைய ஓவர் டைம். ஜனவரியில் காசே வரவில்லை. ஏன்?

உங்களுக்கென்று ஒரு மாதச் சுற்று இருக்கிறது. அந்தச் சுற்றுக்குள் உங்கள் கணக்குக்கு வந்த சம்பளத்தை முதலாளியே வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கிறார். அந்தத் தகவல் யுனிவர்சல் கிரெடிட்டுக்குத் தானாகப் போகிறது. சுற்று முடிந்து 7 நாளில் உங்கள் பணம் வரும். ஆகவே ஓவர் டைம் பணம் ஒரு மாதத்திலும் அதற்கான வெட்டு அடுத்த மாதத்திலும் தெரியும். ஓவர் டைம் பணம் கைக்கு வந்த அன்றே அதில் பாதிக்குச் சற்று மேல் எடுத்துத் தனியே வைத்துவிட்டால் ஜனவரி வாடகை தடுமாறாது.

நான்கு கிழமைக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஆண்டில் ஒரு முறை ஒரே சுற்றுக்குள் இரண்டு சம்பளம் விழும். அந்த மாதம் யுனிவர்சல் கிரெடிட் மிகவும் குறையும், அல்லது வராது. நீங்கள் ஒரு மணித்தியாலம்கூடக் கூடுதலாகச் செய்திருக்கவேண்டியதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை காரணமாக இரண்டு சம்பளம் ஒரே சுற்றில் விழுந்த வழக்கில் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்குப் போட்ட தாய்மார் பக்கம் தீர்ப்பளித்தது, விதியும் திருத்தப்பட்டது. ஆனால் அந்தத் திருத்தம் மாதச் சம்பளக்காரருக்கு மட்டும். நான்கு கிழமைச் சம்பளக்காரர் இன்னும் தவிக்கிறார். இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒரு மாதம் தொகை பூச்சியமாகிவிட்டால் பயப்படவேண்டாம். ஆறு மாதத்துக்குள் பழைய விண்ணப்பத்தையே திரும்ப உயிர்ப்பிக்கலாம். ஆனால் அதை நீங்கள்தான் கேட்கவேண்டும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகக் கேரர்ஸ் அலவன்ஸ் எடுக்கிறேன். ஒரு ஷிஃப்ட் கூட எடுக்கலாமா?

மிகவும் கவனம். இந்தப் பக்கத்தில் உண்மையான பள்ளம் இருப்பது இங்கேதான்.

கேரர்ஸ் அலவன்ஸ் கிழமைக்கு 83.30 பவுண்டு. வரி, நஷனல் இன்சூரன்ஸ், உங்கள் ஓய்வூதியப் பிடிப்பில் பாதி ஆகியவை போக, கிழமைக்கு 196 பவுண்டு வரை உழைக்கலாம். அதற்கு மேல் ஒரு பவுண்டு போனாலும் அந்தக் கிழமையின் 83.30 முழுதாகப் போய்விடும். 55 பென்ஸ் என்ற பேச்சே இல்லை. 2025 ஏப்ரல் வரை இந்த வரம்பு 151 பவுண்டாக இருந்தது. சில பவுண்டு கூடிப்போனதை இந்த உதவியை வழங்கும் திணைக்களம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டு, பின்னர் ஆயிரக்கணக்கில் திருப்பிக் கேட்டது. வயதான பெற்றோரையும் நோயாளிப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனிதர்கள் குற்றவாளிகளைப்போல நடத்தப்பட்டார்கள். 2024இல் அது நாடு முழுவதும் பேசப்பட்டு, அரசு சுயாதீன விசாரணை வைக்கும் நிலைக்குப் போனது. இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு "ஏன் கூடுதல் நேரம் செய்ய மறுக்கிறீர்கள்" என்று கேட்க அரசுக்கு உரிமை இல்லை.

ஒரு நுணுக்கம் உண்டு. யுனிவர்சல் கிரெடிட்டும் சேர்த்து எடுப்பவர்களுக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் தொகை அங்கே பவுண்டுக்குப் பவுண்டு கழிக்கப்படுகிறது. அதே வேளை யுனிவர்சல் கிரெடிட்டுக்குள் பராமரிப்பவருக்கென்று மாதம் 201.68 பவுண்டு தனியாக இருக்கிறது. அதற்குச் சம்பள வரம்பு கிடையாது. ஆகவே கேரர்ஸ் அலவன்ஸ் போனால் அந்தக் கழிவும் நிற்கும், இழப்பு பெரும்பாலும் ஈடாகும். ஆனால் இரண்டு இடத்துக்கும் உடனே அறிவித்திருக்கவேண்டும். அறிவிக்காமல் விட்டால் ஒரு பக்கம் கடன் ஏறிக்கொண்டே போகும். யுனிவர்சல் கிரெடிட் இல்லாமல் கேரர்ஸ் அலவன்ஸ் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

வேறு எங்கே கவனமாக இருக்கவேண்டும்?

பள்ளிக்கூட இலவச உணவு ஒன்று. இங்கிலாந்தில் வீட்டின் நிகரச் சம்பளம் ஆண்டுக்கு 7,400 பவுண்டைத் தாண்டினால் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு அது கிடைக்காது. 2026 செப்டெம்பரிலிருந்து யுனிவர்சல் கிரெடிட் பெறும் எல்லா வீடுகளுக்கும் உண்டு என்று அரசு அறிவித்திருக்கிறது. அதோடு அந்தப் பள்ளம் மூடப்படும். லண்டன் அரச ஆரம்பப் பள்ளிகளில் 2023 செப்டெம்பரிலிருந்தே எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம்.

மற்றது எதிர்த்திசையில் வேலை செய்கிறது. பெனிஃபிட் கப் என்ற உச்சவரம்பால் லண்டனில் பெரிய குடும்பங்களுக்கு மாதம் 2,110.25 பவுண்டுக்கு மேல் கிடைப்பதில்லை. வீட்டின் நிகரச் சம்பளம் மாதம் 846 பவுண்டைத் தொட்டால் அந்த வரம்பு அகன்றுவிடும். அதிக வாடகை கட்டும் குடும்பத்துக்கு, 14 மணித்தியாலத்திலிருந்து 16க்குப் போகும் அந்த இரண்டு மணித்தியாலம் மாதம் நூற்றுக்கணக்கான பவுண்டு பெறுமதியாகலாம்.

கூடுதல் நேரம் எடுக்க மறுத்தால் ஜொப் சென்டர் தண்டிக்குமா?

உங்கள் மாதச் சம்பளத்தைப் பொறுத்தது. தனியாக இருப்பவர் 952 பவுண்டுக்குக் கீழ், தம்பதியர் சேர்ந்து 1,534க்குக் கீழ் உழைத்தால் இன்னும் வேலை தேடவேண்டியவர் என்ற பிரிவில் வைப்பார்கள். அங்கே காரணமின்றி மறுப்பது பணத் தண்டனையில் முடியலாம். அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் கெடுபிடி பெரிதும் தளர்ந்துவிடும். தனியாக இருப்பவருக்குக் கிழமைக்கு 18 மணித்தியாலக் குறைந்தபட்சச் சம்பளம் என்ற அளவில் இது நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. 16இல் நிற்பவர் 18க்குப் போனால் பணம் கொஞ்சம்தான் கூடும், ஆனால் ஜொப் சென்டர் அழைப்புகள் குறையும். அந்த நிம்மதிக்காகவே சிலர் இரண்டு மணித்தியாலம் கூட்டிக்கொள்கிறார்கள்.

சிறு பிள்ளையைப் பார்ப்பவரிடம் முழுநேர வேலை எதிர்பார்க்கமாட்டார்கள். பிள்ளைக்கு 3 முதல் 12 வயது என்றால் அதிகபட்சம் கிழமைக்கு 30 மணித்தியாலம். பள்ளி நேரம், போக்குவரத்து எல்லாவற்றையும் ஜொப் சென்டரோடு நீங்கள் செய்யும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த உதவிகள் மக்களைக் கூடுதலாக உழைக்க வைக்கின்றனவா, குறைவாகவா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

வேலைக்கே போகாதவரை வேலைக்கு அழைத்துவருவதில் இவை வெற்றி பெற்றிருக்கின்றன. 1999இன் வொர்க்கிங் ஃபமிலீஸ் டாக்ஸ் கிரெடிட் பிரித்தானியத் தனித்தாய்மாரின் வேலைவாய்ப்பை ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளி உயர்த்தியது என்று 2006இல் வந்த ஓர் ஆய்வு கணித்தது. தம்பதியராக இருந்த தாய்மாரின் வேலையை அதே திட்டம் சற்றுக் குறைத்தது. அமெரிக்காவில் 1975இலிருந்து நடக்கும் இதே போன்ற வரிச்சலுகையும் இந்த இரண்டு விளைவுகளையும் காட்டியது. தனித்தாய்மார் கூடுதலாக வேலைக்கு வந்தார்கள். மணமான பெண்கள் சிலர் விலகினார்கள்.

ஏற்கனவே வேலையில் இருப்பவரைக் கூடுதல் மணித்தியாலத்துக்கு இழுப்பது வேறு விஷயம். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் நியூ பிரன்ஸ்விக்கிலும் 1990களில் ஒரு பரிசோதனை நடந்தது. அரச உதவியில் இருந்த தனிப்பெற்றோர் கிழமைக்கு 30 மணித்தியாலம் வேலை செய்தால் மட்டும் நல்ல தொகை ஒன்று மேலதிகமாகத் தரப்பட்டது. உச்சத்தில் முழுநேர வேலை செய்தோர் விகிதம் ஏறக்குறைய இரு மடங்கானது. தொகை நின்ற பின் வித்தியாசமும் தேய்ந்தது. பிரித்தானியாவில் 2015 முதல் 2018 வரை யுனிவர்சல் கிரெடிட் பெறும் குறைந்த சம்பளக்காரரை அடிக்கடி அழைத்துக் கூடுதல் நேரம் தேடச் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றரை ஆண்டின் முடிவில், அதிகம் அழைக்கப்படாதவரைவிட அவர்கள் கிழமைக்கு 5 பவுண்டு அளவே கூடுதலாக உழைத்தார்கள். பணம் கையில் நின்றால் மனிதர் அசைகிறார். அழைத்து அழைத்துச் சொன்னால் அசைவது அரிது. எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ரோட்டா என்ற வேலை நேர அட்டவணையை எழுதுவது மனேஜர். கூடுதல் நேரம் கேட்டும் கிடைக்காதவர் ஏராளம்.

கூடுதல் நேரத்துக்குக் கையில் காசாகத் தருகிறேன் என்கிறார்கள். எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். அறிவிக்காத வருமானம் பிடிபட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு குற்ற வழக்கும் வரலாம். பிடிபடாவிட்டாலும் இழப்பு உங்களுக்கே. பே ஸ்லிப்பில் இல்லாத மணித்தியாலத்துக்கு விடுமுறைச் சம்பளம் இல்லை, பேறுகாலச் சம்பளம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. விபத்து நடந்தால் நீங்கள் அங்கே வேலை செய்ததற்கே சாட்சி இல்லை.

பே ஸ்லிப்பில் வரும் கூடுதல் நேரத்துக்கு வேறு நன்மை உண்டா?

உண்டு, இதைத்தான் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓய்வூதியத்தில் உங்கள் பங்கோடு முதலாளி குறைந்தது 3% போடவேண்டும். ஓய்வூதியத்துக்குப் போகும் உங்கள் பங்கை யுனிவர்சல் கிரெடிட் சம்பளமாக எண்ணுவதில்லை. கையிலிருந்து 10 பவுண்டு அதற்குப் போனால் யுனிவர்சல் கிரெடிட் 5.50 கூடும். ஒழுங்காகச் செய்யும் ஓவர் டைம் விடுமுறைச் சம்பளத்திலும் பிரதிபலிக்கவேண்டும். குழந்தை எதிர்பார்ப்பவருக்குப் பேறுகாலச் சம்பளத்தின் முதல் 6 கிழமை, சராசரிச் சம்பளத்தின் 90%. பிரசவத் திகதிக்கு 15 கிழமை முந்தைய கிழமையோடு முடியும் ஏறத்தாழ இரண்டு மாதச் சம்பளமே அந்தச் சராசரி. அந்த மாதங்களில் செய்யும் கூடுதல் நேரம் பின்னர் திரும்பி வரும்.

இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ துணையை அழைக்கக் காத்திருப்பவருக்கு 2024 ஏப்ரலிலிருந்து ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு காட்டவேண்டும். அவருக்கு 32 பென்ஸ் கணக்கு இரண்டாம் பட்சம்.

ஸ்டூடன்ட் விசா, வொர்க் விசாவில் இருப்பவருக்கு இது பொருந்துமா?

விசாவில் அரச உதவி பெற முடியாது என்று எழுதியிருந்தால் பொருந்தாது, விண்ணப்பிக்கவே கூடாது. மாணவர்களுக்குத் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியால வரம்பு பொதுவாக உண்டு, ஓவர் டைமும் அதற்குள்தான். ஒருவருக்கு உரிமை இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதியர், விண்ணப்பிக்கும் முன் குடிவரவு ஆலோசகரிடம் கேட்கவேண்டும்.

நான் சுயதொழில். டக்ஸி ஓடுகிறேன்.

சுயதொழில்தான் உங்கள் முக்கிய வேலை என்று யுனிவர்சல் கிரெடிட்டில் ஏற்றுக்கொண்டு 12 மாதம் கழிந்தால், நீங்கள் ஒரு குறிப்பிட்ட தொகை உழைப்பதாக அவர்களே எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலானோருக்கு அது 35 மணித்தியாலக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியது. உங்கள் உண்மை வருமானம் அதற்குக் கீழே இருந்தால், அந்த அளவு வரை கூடுதலாக உழைக்கும் ஒவ்வொரு பவுண்டிலும் யுனிவர்சல் கிரெடிட் வெட்டு இல்லை.

எங்கே சரிபார்க்கலாம்?

என்டைட்டில்ட்டு, டர்ன்டூஅஸ் ஆகிய தளங்களில் இலவசக் கணிப்பான்கள் உண்டு. இப்போதைய மணித்தியாலத்தை ஒரு தடவையும் புதிய மணித்தியாலத்தை ஒரு தடவையும் போட்டு, இரண்டு விடைகளின் வித்தியாசத்தைப் பாருங்கள். சிக்கலான நிலைமைக்கு இலவச ஆலோசனை அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸ். நண்பரின் அனுபவத்தை மட்டும் நம்பி ஷிஃப்ட்டை விடவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம்.

நான் கடை நடத்துகிறேன். நல்ல வேலையாள், ஆனால் கூடுதல் நேரம் கேட்டால் மறுக்கிறார். என்ன செய்யலாம்?

அவருக்கு நீங்கள் கொடுக்கும் 12.21இல் 3.96 மட்டுமே வீட்டுக்குப் போகலாம் என்பதை முதலில் மனதில் வையுங்கள். ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுத்தாலும் 5.93தான். ஆகவே பணத்தைக் கூட்டுவதைவிட நேரத்தை ஒழுங்காக்குவது அவருக்கு அதிகம் உதவும். ஒரு கிழமை 30, அடுத்த கிழமை 12 என்று கொடுப்பதைவிட நிரந்தரமாக 22 கொடுத்தால் பிள்ளைப் பராமரிப்பையும் வாடகையையும் அவரால் திட்டமிட முடியும். தனியாக இரண்டு மணித்தியாலத்துக்கு அழைக்காமல், வருகிற நாளோடு சேர்த்து நீட்டிக் கொடுங்கள். கேரர்ஸ் அலவன்ஸ் எடுப்பவர் என்றால் எந்தக் கிழமையிலும் வரம்பைத் தாண்டாதபடி பங்கிடுங்கள். நான்கு கிழமைச் சம்பளத்தை மாதச் சம்பளமாக மாற்ற முடியுமா என்று உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்; ஊழியரின் ஒரு மாத வாடகைச் சிக்கல் அதோடு தீரும். ரோட்டாவை இரண்டு கிழமைக்கு முன்னரே ஒட்டிவிடுங்கள், அவர் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல நேரம் கிடைக்கும்.